மிலிட்டரி வண்டிக்கு ஒரு பின்னங்கால்

வண்டி நிக்குதாமில்ல. நல்லாத்தான் நிக்குது அத்தை, இன்னும் எதுக்கு அவரப் போட்டு வாட்டுறீங்கன்னு கேட்டுட்டு வாசுகி பாட்டுக்கு உள்ள போயிட்டா. வெறும் வண்டி நிக்கிறதுல என்ன அதிசயம்? ஆளு படுக்காத கட்டிலு கூடத்தான் ஆடாம நிக்கும். பெட்டிய ஏத்தினா என்னாவும், அதச் சொல்லு. சாவு வீட்டு ஐஸ் பெட்டின்னா என்ன பஞ்சு மெத்தையா, கண்ணாடி மூடி, கம்ப்ரசரு, இரும்புச் சட்டம், நாலு ஆம்பளைங்க முக்கித் தூக்குற சாமான். அது மேல ஏறினா ஸ்பிரிங் பட்டை அமுங்கும். பட்டை அமுங்கினா வண்டி தாழும். வண்டி தாழ்ந்தா இப்ப சரியா இருக்கிற காலு அப்ப நீளமாயிடும், மடக்கி வச்சிருக்கிற காலை எறக்கப் போனா தரையில இடிச்சுக்கிட்டு நேரா நிக்காம சாஞ்சுக்கும். அதனாலதான் ரெண்டு நூலு குறைடான்னு சொன்னேன். இஞ்சுக்கு எட்டு நூலு, அதுல ரெண்டே ரெண்டு. இதுக்குப் போயி மருமக மூஞ்சியத் தூக்குறா. கொத்தனாருக்கு வாக்கப்பட்டு, அவரு பின்னாடியே சித்தாளா சட்டி தூக்கினவ நான், எனக்கு நூலு தெரியாதா. மட்டப்பலகைய வச்சுட்டு எங்க வீட்டுக்காரரு கண்ண மூடிக்கிட்டு, பவுனு, எத்தனை நூலு ஒசரம்னு கேப்பாரு, நான் கையால தடவிச் சொல்லுவேன். சரியா இருக்கும். இப்ப இவளுக்கு நான் சொல்றது சாக்காத் தெரியுது. சாக்குன்னு அவ வாயால சொல்லல. ஆனா போறப்ப ஒரு பார்வை பாத்தா பாரு, அந்தப் பார்வை சொல்லுச்சு.

கதிரேசன் வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கான். ரெண்டு பாதம் மட்டும் வெளிய தெரியுது. பெத்த பிள்ளையோட ரெண்டு பாதம் மட்டும் வெளிய தெரியறத எந்தத் தாயாலயும் பாக்க முடியாது, அதுலயும் நாங்க செய்யுற தொழிலுக்கு அது இன்னும் ஆவாது, அதனால நான் நாற்காலியத் திருப்பிப் போட்டு அவன் தலைப்பக்கமா உக்காந்திருக்கேன். ஆக்ஸா பிளேடு பைப்ப அறுக்குற சத்தம் பல்லக் கூசுது. அவன் கோவிச்சுக்க மாட்டான், எங்கிட்டதான் பொறுமையெல்லாம் வாங்கிட்டுப் போனான், எங்க வீட்டுக்காரருக்கு அது கெடையாது. அவரா இருந்தா இந்நேரம் பைப்பத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. வண்டிக்கு அடியில செங்கல்ல அடுக்கி, அதுக்கு மேல ஜாக்கி வச்சு நிறுத்தியிருக்கான். ஜாக்கி நழுவுமா. நழுவாது. நழுவினா? நழுவாதுன்னு அவனே சொல்லிட்டான், ரெண்டு தடவை கேட்டுட்டேன், மூணாவது தடவை கேட்டா வாசுகி மறுபடியும் வெளிய வருவா. இந்த வண்டி மிலிட்டரில இருந்து கழிச்சு ஏலத்துல வந்தது. ரெண்டே சக்கரம், லாரி சக்கரம் மாதிரி பெருசு. முன்னாடி ஒரு இழுவைக் கம்பி, அதுக்கு ஒரு சின்னச் சக்கரம். பச்சை மேல வெள்ளை அடிச்சோம், சாவு வீட்டுக்குப் பச்சையிலயா போறது. ஆனா எங்க ஒரசினாலும் பச்சை பல்லக் காட்டுது. பக்கப் பலகையில அம்புக்குறி போட்ட நம்பரு இருந்துச்சு, அதையும் வெள்ளையில மறைச்சோம், வெயில்ல பாத்தா எழுந்து தெரியும். எந்தப் பனியில எந்த மலையில என்னத்த ஏத்திக்கிட்டுப் போச்சோ. பின்னாடி கட்டையில ரெண்டு ஓட்டை இருக்கு, ஒரு கொண்டி இருக்கு. அங்க ஒரு காலு இருந்திருக்கணும். ஏலத்துக்காரன் கிட்ட கேட்டா வந்தது இவ்வளவுதான்னுட்டான். ரெண்டு சக்கரத்து வண்டிக்குப் பின்னாடி காலு இல்லேன்னா என்னாவும்னு அப்ப யாருக்குத் தோணுச்சு, சீப்பா நல்ல இரும்பா இருக்குன்னு இழுத்துட்டு வந்தாச்சு. ஜெனரேட்டர வாலுப் பக்கமா போல்ட்டு போட்டு இறுக்கினான், புகை வெளிய போவட்டும், கயிறு இழுக்கத் தோதா இருக்கட்டும்னு. ஜீப்போட மாட்டியிருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல. கழட்டினாத்தான் வெவகாரம். கல்லு வச்சு முட்டுக் கொடுத்தே ஓட்டிக்கிட்டிருந்தோம். போன மாசம் ஒரு வீட்டுல, பந்தலுக்குச் சேர் எடுக்க ஜீப்பக் கழட்டிட்டுப் போனான், அந்தக் கல்லு உருண்டுருச்சு. வாலு கீழ, மூக்கு மேல. பெட்டி சரிய, ஜெனரேட்டரு சாஞ்சு நின்னுபோச்சு. உள்ள ஆளு இருந்தாரு. ஆளுன்னா, இருந்தாரு. அவரோட மக என்னப் பாத்த பார்வைய நான் எங்க கொண்டு போயி வைக்க. உசுரோட இருக்கறப்ப அவரு கீழ விழுந்ததே இல்லையாம். அத வேற சொன்னா.

அன்னைக்கே காலு போடணும்னு சொன்னது நான்தான். நான்தான் நச்சரிச்சேன். பைப்பு வாங்குன்னேன், அடியில தட்டு வைக்கணும்னேன், கொண்டி வச்சு மடக்கித் தூக்குற மாதிரி இருக்கணும், இல்லேன்னா வேகத்தடையில இடிக்கும்னேன். இப்ப அவன் நல்ல நாளு பாத்து பைப்போட உக்காந்தா நானே குறைங்கறேன், நானே கூட்டுங்கறேன். காலையில நீளம்னேன். அறுத்தான். அப்புறம் அடித்தட்டு சின்னது, மண்ணுக்குள்ள பொதஞ்சிரும்னேன். பெரிய தட்டா வெட்டுனான். அது ஓரமா இருக்கு நடுவுல வைன்னேன். எடம் மாத்துனான். பெட்டிய ஏத்திப் பாத்துடலாம்மா, ஒரே தடவையில அளவு தெரிஞ்சிரும்னு சொன்னான். வேணாம்னேன். பெட்டிய ஏத்தக் கூடாது. பெட்டி அது பாட்டுக்கு சுவத்தோரமா, மேல பழைய வேட்டி போத்தி இருக்கு, அங்கயே இருக்கட்டும், வேணும்னா மணல் மூட்டைய ஏத்துன்னேன். மணல் மூட்டை எங்கம்மா இருக்குன்னு கேட்டான். இல்லேன்னா விடு, ரெண்டு நூலு குறைச்சுக்கோ, கணக்கு சரியா இருக்கும்னேன். என்ன கணக்கு. என் கணக்கு எனக்குத்தான் தெரியும்.

செங்கமலம் வீடு இங்க இருந்து பாத்தா தெரியாது. நடுவுல அந்த ரெட்டை மாடி கட்டிட்டான். முன்னல்லாம் எங்க வாசல்ல நின்னு கூப்பிட்டா அவ கொல்லையில கேக்கும். பவுனக்கான்னு அவ கூப்பிடுறது, அந்தப் பவுனுல ஒரு இழு இழுப்பா பாரு, பவுனு வெலையக் கேக்குற மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் ஒரே மேஸ்திரி கிட்ட சித்தாளு. நான் கீழ் சாரத்துல, அவ மேல் சாரத்துல. நான் சட்டியத் தூக்கி வீசணும், அவ குனிஞ்சு பிடிக்கணும், காலிச் சட்டிய அவ கீழ விடணும், நான் பிடிக்கணும். பாக்காமலே பிடிப்போம். அவ கை எங்க இருக்கும்னு என் கைக்குத் தெரியும். ஒரு நாளு கலவைச் சட்டிக்குள்ள பாதி நொங்க வச்சு அனுப்பிச்சேன், மேஸ்திரி பாத்துட்டான், அவ சட்டியோட அப்படியே திரும்பி நின்னுக்கிட்டு முழுசா முழுங்கிட்டா, வெக்கங்கெட்டவ. தளம் போடுற அன்னைக்குத்தான் எங்களுக்குக் கறிச்சோறு. தளத்துக்கு அடியில சவுக்குக் கம்பு காடு மாதிரி நிக்கும், முட்டு முட்டா, அதுக்கு நடுவுல நிழலு, நாங்க அங்கதான் படுப்போம். மேல பச்சைக் கான்கிரீட்டு, அடியில நாங்க. முட்ட எடுக்கற நாளு வரைக்கும் எடுக்கக் கூடாது. ஒருத்தன் அவசரப்பட்டு நடுமுட்டத் தட்டிட்டான், தளம் கண்ணு முன்னாடி தொங்கிப் போச்சு, ஒரு தொட்டி மாதிரி, இடியல, தொங்குச்சு, அப்படியே நின்னுச்சு. அந்த வீட்டுக்காரன் கடைசி வரைக்கும் அதுக்கு அடியிலதான் குடியிருந்தான். செங்கமலம் அந்த வீட்டத் தாண்டறப்பல்லாம் குனிஞ்சு போவா, தெருவுல போறவ குனிவா, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். இப்ப அவளுக்கு நெஞ்சுல சிமிட்டித் தூசி. டாக்டரு வேற பேரு சொன்னாரு, எனக்குத் தெரியும் அது சிமிட்டிதான். நான் கீழ இருந்தேன், தூசி மேலதான் போவும். ஆசுபத்திரியில இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிச்சிட்டாங்க. மூச்சு மெஷினு ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க, அது கரண்டுல ஓடி காத்துல இருந்து நல்ல காத்தப் பிரிச்சு மூக்குக்குக் கொடுக்குதாம். சிமிட்டி சலிக்கிற மாதிரி.

நான் போயிப் பாக்கல. போவாம இருப்பேனா. போனேன். ரசம் வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். அவ மூத்த மவன் சௌந்தரு வாசல்லயே வாங்கிக்கிட்டான். தங்கமான பிள்ளை, நான் தூக்கி வளத்த பிள்ளை, பேங்குல இருக்கான், என்னக் கோவமா ஒரு வார்த்தை பேசினதில்லை. பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க வந்து போறத சொந்தக்காரங்க வேற மாதிரி பேசுறாங்கன்னான். எனக்கு மொதல்ல புரியல. வேற மாதிரின்னா என்ன மாதிரி. அப்புறம் புரிஞ்சுது. ஐஸ் பெட்டிக்காரி வாசப்படிய மிதிச்சா அளவெடுக்க வந்தான்னு அர்த்தம். நான் அவனத் திட்டல. ரசச் சொம்ப வாங்கினவன் காலிச் சொம்பத் திருப்பிக் கொடுக்கல, உள்ள போயி எடுத்துட்டு வரேன்னு கூடச் சொல்லல, நான் வெறுங்கையோட வந்துட்டேன். இந்தத் தொழிலுக்கு நான் வரலியே. இது என்னத் தேடி வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு சித்திரை வெயில்ல போனாரு. கதிரேசன் அப்ப கத்தார்ல. அவன் வர்ற வரைக்கும் வைக்கணும். பெட்டி கெடைக்கல, ஐஸ் பாளம் வாங்கிட்டு வந்து மரத்தூளு தூவி, அவரச் சுத்தி அடுக்கினோம், ராத்திரிக்குள்ள தண்ணி வாசல் வரைக்கும் வந்துருச்சு. அந்தத் தண்ணிய வாளி வாளியா மொண்டு ஊத்துனது யாருங்கற. செங்கமலந்தான். பாவாடைய இடுப்புல சொருகிக்கிட்டு, கலவை அள்ளுற மாதிரி. கதிரேசன் வந்து எறங்கினப்போ, இந்த ஊருல இன்னொருத்தருக்கு இப்படி ஆவக் கூடாதுன்னான். திரும்பிக் கத்தாருக்குப் போவல. புண்ணியமான தொழிலுன்னு எல்லாரும் சொல்றாங்க, சொல்லிட்டு கொஞ்சம் தள்ளி நிக்கிறாங்க.

அறுக்குற சத்தம் நின்னுருச்சு. முடிச்சிட்டானா. முடிச்சிட்டான் போலருக்கு. அவன் பாதம் ரெண்டும் அசையுது, வெளிய வரப் போறான். நான் என்ன சொல்லுவேன் இப்ப. கொண்டி டைட்டுன்னு சொல்லலாம். கிரீஸ் வைக்கணும். கிரீஸ் கடைக்குப் போயிட்டு வரணும்னா சாப்பாட்டு நேரம் தாண்டிரும். பாரு, எனக்கே தெரியுது நான் என்ன செய்யுறேன்னு. ஆனா பெட்டி புதுசா வந்த அன்னைக்கு சாயங்காலம் என்ன ஆச்சு. பாலாஜி மளிகைக்கடைக்காரரு, எங்களுக்கு அரிசி போடுறவரு, கல்லாவுலயே சாஞ்சாரு. ஜெனரேட்டர் போல்ட்டு முறுக்கி முடிச்ச அன்னைக்கு யாரு போனா. எங்க சின்ன நாத்தனாரு. வெள்ளை பெயிண்டு காஞ்ச ஒடனே எதிர் வீட்டு டீச்சரம்மா. புதுசா ஒண்ணு முடிஞ்சா மொதல்ல தெரிஞ்ச வீட்டுக்குத்தான் போவுது. வாசுகி இதக் கேட்டா சிரிப்பா, அத்தை ஊருல தெனம் ஒருத்தரு போயிக்கிட்டுத்தான் இருக்காங்க, நமக்கு எல்லாரும் தெரிஞ்சவங்கதானேம்பா. அது சரிதான். அதனாலதான் அவ கிட்டச் சொல்லல. ஆனா முட்டு இருக்கிற வரைக்கும் தளம் நிக்கும் இல்ல. வேலை முடியாத வரைக்கும் வண்டி எங்கயும் போவாது இல்ல. வண்டி போவலேன்னா. அவ்வளவுதான் என் கணக்கு. ரெண்டு நூலு ரெண்டு நூலா அவளுக்கு நாளு சேத்துக்கிட்டிருக்கேன்.

காலை எறக்கிப் பாத்தான். மடக்கித் தூக்கிப் பாத்தான். டிக்குனு கொண்டியில போயி உக்காந்துச்சு. இனிமே கொண்டியச் சுத்தி முழுசா வெல்டு பிடிச்சிட்டா முடிஞ்சுதும்மா, இப்ப பொட்டுப் பொட்டா டேக்குதான் அடிச்சிருக்கேன், கனம் தாங்காதுன்னான். முகமூடிய எடுத்துக்கிட்டான். நான், பெயிண்ட சுரண்டிட்டு வெல்டு வைடா, அடியில பச்சை இருக்கு, பிடிக்காதுன்னேன். அதுவும் உண்மைதான், பெயிண்டு மேல வெல்டு பிடிக்காது. அவன் உப்புத்தாள எடுத்தான். அப்பத்தான் வாசுகி மோரு கொண்டாந்தா. அவனுக்கு ஒரு டம்ளரு கொடுத்தா, எனக்கு ஒரு டம்ளரு கொடுத்தா, என் பக்கத்துல குந்தி உக்காந்தா. அவன் காதுல விழாத மாதிரி மெதுவா சொன்னா.

"அத்தை, உங்களுக்கு இந்தக் காலு முடியக் கூடாது. அதான?"

மோருல கறிவேப்பிலை கெடந்துச்சு. அத எடுத்துத் தரையில போட்டேன். இல்லேன்னு சொல்ல வாயெடுத்தா இல்லேன்னு வரல. நூலு, பட்டை, அமுங்கும்னு என்னமோ வந்துச்சு. அவ கையத் தட்டி, சரி விடுங்கன்னா. எழுந்து போகல. உக்காந்துக்கிட்டே இருந்தா. அவ வந்த புதுசுல நாலு வாரம் இந்தப் பெட்டி பக்கம் வராம சுத்திப் போயிக்கிட்டிருந்தா, இப்ப அவதான் அதத் தொடச்சு மஞ்சத் தண்ணி தெளிக்கிறா. மனுசங்களுக்கு எல்லாம் பழகிரும். எனக்குத்தான் பழகல, இத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன், இத்தனை பேரோட கட்டைவிரலக் கட்டியிருக்கேன், ஒருத்தி மூச்சு விடுறத மட்டும் என்னால விட முடியல.

கதிரேசன் வெல்டிங் ராட வச்சான். ஒரு பொறி, நீலமா. கண்ண மூடிக்கிட்டேன். ரெண்டாவது பொறி. மூடின கண்ணுக்குள்ளயும் தெரியுது. செங்கமலத்துக்கு இந்த நேரத்துக்கு என்ன கொடுத்திருப்பாங்க. கஞ்சித் தண்ணி கொடுத்திருப்பாங்க. அவளுக்குக் கஞ்சி பிடிக்காதே, புளிச்ச கீரையில பொறட்டி ஒரு வாய் கொடுத்தா எறங்குமே, யாரு சொல்லுவா அவங்களுக்கு. மூணாவது பொறிக்கு டொப்புன்னு ஒரு சத்தம், தெருக்கோடியில, வெடி மாதிரி. அப்புறம் ஒண்ணுமில்ல. வெல்டிங் மெஷின் முனகல் நின்னுபோச்சு. பக்கத்து வீட்டு டிவி நின்னுபோச்சு. காக்கா கத்துறது கேட்டுச்சு. டிரான்ஸ்பார்மரு போயிருச்சும்மா, சாயங்காலம் ஆயிரும்னு முகமூடியத் தூக்கிட்டுச் சொன்னான். பாதிதான் வெல்டு ஆயிருக்கு. ஜெனரேட்டர்ல வெல்டிங் போட மாட்டான், காயிலு தாங்காது, தொழிலுக்கு இருக்கிற ஒரே ஜெனரேட்டரு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு கையத் தொடச்சான். நாளைக்கு. எனக்கு நெஞ்சுக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரி அப்படி ஒரு குளுமை. நானா நிறுத்தல. தானா நின்னுச்சு. சாமியே பாத்து, இந்தாடி பவுனு, இன்னைக்கு ஒரு நாளு வச்சுக்கோன்னு கொடுத்த மாதிரி. வாசுகிக்கு என் முகத்தப் பாத்தே தெரிஞ்சிருக்கும். நாலு வீட்டுக்கு விசிறி இல்லாம வேர்க்கும், அவங்களுக்கு நான் என்ன செய்ய. மிச்ச மோரக் குடிச்சேன். நல்லா புளிச்சிருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு.

கேட்டுப் பக்கம் செருப்புச் சத்தம். திரும்பினா மேகலா. செங்கமலத்தோட மக. நைட்டி மேல துண்டு, தலை சீவல, மேல்மூச்சு வாங்குது, கேட்டுக்கு வெளியவே நிக்கிறா. எங்க வீட்டுல ஒரு பழக்கம். வாசல்ல வந்து நிக்கிறவங்கள நாங்க வாங்கன்னு சொல்ல மாட்டோம். எழவு சொல்ல வந்தவங்கள எப்படி வாங்கங்கறது. அவங்களும் வரேன்னு சொல்லிட்டுப் போவ மாட்டாங்க. நாங்க எழுந்து நிப்போம், அவ்வளவுதான், அவங்க எந்தத் தெருன்னு சொல்லுவாங்க. இந்தப் பிள்ளைய நான் பிறந்தன்னைக்கே கையில வாங்கினேன், இத்தனை வருசத்துல இவள வான்னு சொல்லாம ஒரு நாளு இருந்ததில்ல. இப்ப எழுந்துட்டேன். எழுந்துட்டு நிக்கிறேன். வான்னு சொல்லணும். சொன்னா அவ பக்கத்து வீட்டுப் பிள்ளையா வந்திருக்கா. சொல்லலேன்னா. அவ என்னப் பாக்குறா. வாய் கோணுது அவளுக்கு. வாசுகியும் எழுந்துட்டா, கதிரேசனும் எழுந்துட்டான், மூணு பேரும் எழுந்து நிக்கிறோம், ஒருத்தரும் வான்னு சொல்லல, அந்தப் பிள்ளைக்கு நாங்க எதுக்கு நிக்கிறோம்னு தெரியும், ஊருக்கே தெரியும். கேட்டக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

"இல்ல பெரியம்மா. இல்ல. மூச்சு மெஷின் நின்னுபோச்சு."

கரண்டு. அந்தக் கரண்டு. என் மோரு. அவ சொல்லிக்கிட்டே போறா, சின்ன சிலிண்டரு ஒண்ணு இருக்காம், அத மாட்டியிருக்காங்களாம், முள்ளு ஏற்கெனவே கீழ போயிக்கிட்டிருக்காம், வேற சிலிண்டரு எடுக்க அண்ணன் டவுனுக்குப் போயிருக்கானாம், ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள வராதாம், வந்தாலும் அம்மாவ இப்ப அசைக்கக் கூடாதாம். கதிரண்ணன் கிட்ட ஜெனரேட்டரு இருக்கேன்னு தோணுச்சு, அண்ணனக் கேக்காமத்தான் வந்தேன்னா. அண்ணனக் கேக்காம. நான் கதிரேசனப் பாத்தேன். அவன் வண்டிய எட்டிப் பாத்தான். சந்துக்குள்ள ஜீப்பு போவாது, சந்து முனை வரைக்கும் இழுத்துட்டுப் போயி, கழட்டி, கையாலதான் தள்ளணும். தள்ளி நிறுத்தினா பின்னாடி காலு வேணும். ஜெனரேட்டர போல்ட்டு கழட்டி எறக்கலாம்னா அதுக்கு ஆகுற நேரத்துக்கு அந்தச் சின்ன சிலிண்டரு தாங்காது. கல்லு வைக்கலாம்னு அவன் வாயெடுத்தான், அவனே மூடிக்கிட்டான். கல்லுதான் உருண்டுச்சே. காலையிலயே முடிஞ்சிருக்கும் அந்தக் காலு. காலையில முத தடவை அவன் வச்சப்பவே சரியாத்தான் இருந்துச்சு. அவளுக்கு நாளு சேக்கறேன்னு இங்க உக்காந்து நான் எதத் தின்னுக்கிட்டிருந்தேன்.

ஜெனரேட்டரப் போட்டு வெல்டப் பிடிடான்னேன். காயிலு போயிரும்மான்னான். பாதி வெல்டுதான பாக்கி, அதுவரைக்கும் தாங்கும்னேன். அவன் கயித்த இழுத்தான், தடதடன்னு பிடிச்சுக்கிச்சு, மெஷின மாட்டினான், ராடு தொட்ட ஒடனே ஜெனரேட்டரு குப்புன்னு தாழ்ந்து முக்குச்சு, நின்னுரப் போவுதுன்னு நெனச்சேன், நிக்கல, முக்கி முக்கி ஓடுச்சு. பொறி பறக்குது, நான் கண்ண மூடல. போதும்டா போதும்டான்னு நான் சொல்றேன், இன்னும் ஒரு சுத்து இருக்கும்மான்னு அவன் சொல்றான், இந்தத் தடவை நான் அவசரப்படுறேன் அவன் நிதானமா இருக்கான். மேகலா கேட்டுக்கு வெளியவே நிக்கிறா இன்னும். வான்னு சொல்ல நேரம் எங்க இருந்துச்சு. வெல்டு சிவப்பா இருக்கறப்பவே வாசுகி ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டா, ஊத்தக் கூடாது, முறிஞ்சு போவும், ஊத்திட்டா. ஜீப்புல ஏறினோம். பெட்டி அங்கயே சுவத்தோரமா வேட்டிக்குள்ள இருந்துச்சு. பெட்டி இல்லாம அந்த வண்டி தெருவுல போறது அதுதான் மொதத் தடவை, ஆனா பாக்குறவனுக்கு அது எங்க தெரியும். வெள்ளை வண்டி போவுதுன்னா கைலிய எறக்கி விட்டுட்டு எழுந்து நிக்கிறான். டீக்கடையில ஒருத்தரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. எனக்கு அவங்கள எல்லாம் பாத்து இல்ல இல்லன்னு கையாட்டணும் போல இருந்துச்சு, கையாட்டினா பைத்தியம்னு நெனப்பாங்க.

சந்து முனையில கழட்டினான். நான், வாசுகி, மேகலா, அவன், எதுக்குன்னு கேக்காம வந்து தோள் கொடுத்த ரெண்டு ஆம்பளைங்க, அத்தனை பேரும் இழுவைக் கம்பியத் தரையோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டே தள்ளினோம், விட்டா மூக்கு எழும்பிரும். இரும்பு வெயில்ல கொதிக்குது. செங்கமலம் வீட்டு ஜன்னலுக்கு நேரா வந்ததும் அவன் பின்னாடி ஓடி காலை எறக்கினான். டிக்குனு நேரா நின்னுச்சு. கையெடுங்கன்னான். யாரும் எடுக்கல. மெதுவா எடுங்கன்னான். எடுத்தோம். வாலு எறங்குச்சு. பெட்டி இல்லாத வண்டிக்கு அந்தக் காலு நான் குறைக்கச் சொன்ன அந்த ரெண்டு நூலு குட்டை, அந்த ரெண்டு நூலு தூரமும் வண்டி எறங்குச்சு, அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும், கண்ணு இமைக்கிற நேரம், அந்த நேரத்துல என் மனசுக்குள்ள ஜெனரேட்டரு சாஞ்சு, சந்துச் சுவத்துல இடிச்சு, எல்லாம் முடிஞ்சு, நான் செங்கமலத்தோட கட்டைவிரலக் கட்டிக்கிட்டிருந்தேன். டக்குன்னு தட்டு தரையில உக்காந்துச்சு. வண்டி நின்னுச்சு. வெல்டு முறியல. கதிரேசன் கயித்த இழுக்கப் போயிட்டான். நான் வாசப்படியப் பாத்தேன். சௌந்தரு இல்ல. அவன் இருந்தாலும் மிதிச்சிருப்பேன்னு நெனைக்கிறேன். மிதிச்சேன்.

உள்ள இருட்டு. கட்டிலத் தலைப்பக்கம் ஒசத்தி, அவள சாச்சு உக்கார வச்சிருந்தாங்க. எவ்வளவு சின்னதாயிட்டா. மேல் சாரத்துல நின்னவ. மூக்குல குழாயி, சின்ன சிலிண்டரு முள்ளு கடைசிக் கோட்டத் தொட்டுக்கிட்டு இருக்கு, நெஞ்சு ஏறி ஏறி விழுது. கண்ணு மூடியிருக்கு. கையப் பிடிச்சேன். அவ கை என் கைய இறுக்குச்சு, பாக்காமலே. அந்த நேரத்துல வெளிய, எங்க வண்டி வாசல்ல நிக்கிறதப் பாத்துட்டு எதிர் வீட்டுக்காரி தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, என்னப் பெத்தவளேன்னு ஆரம்பிச்சுட்டா. நல்ல குரலு அவளுக்கு, எல்லா வீட்டுக்கும் அவதான் மொதல்ல அழுவா. ஜன்னல் வழியாப் பாத்தா, ஒருத்தரு கையில மாலையோட வந்து, எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு கதிரேசனக் கேக்குறாரு. அவன் ஒயர விரிச்சுக்கிட்டே வேணாங்க வேணாங்கன்னு அவரத் தள்ளுறான், அவரு துக்கத்துல இருக்கான் பிள்ளைன்னு அவன் தோள்ல தட்டிக் கொடுக்குறாரு. செங்கமலம் கண்ணத் தொறந்தா. என்னப் பாத்தா. காதுல விழுந்துருச்சு அவளுக்கு. ஒதடு அசைஞ்சுது, நான் குனிஞ்சு காதக் கொடுத்தேன்.

"யாருக்குக்கா அழுவுறா?"

உனக்குத்தான்டின்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல அவகிட்ட. அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிக்க மூச்சு இல்ல, தோளு மட்டும் குலுங்குது, குலுங்கக் குலுங்க ஒதடு நீலமாவுது, சிரிக்காதடி சனியனே, இரு, சிரிக்காத. சிலிண்டரு முள்ளு கோட்டுக்குக் கீழ படுத்துருச்சு. வெளிய ஜெனரேட்டரு பிடிச்சுக்கிட்ட சத்தம். அழுகைச் சத்தம் அதுக்கு மேல ஏறுது. ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு கத்தினேன்.

"டேய் கதிரேசா, அவள வாய மூடச் சொல்லிட்டு அந்த ஒயர உள்ள கொண்டா."